கணவாயின் தோலும் கரையும் பென்சிலும்

கணவாய்க்கு என்ன நிறம்? குளச்சல் கரையில் இதைக் கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. தூண்டிலில் மாட்டி மேலே வரும்போது பழுப்பு. வள்ளத்துக்குள் விழுந்ததும் முதுகில் வரிவரியாகக் கோடுகள். கை பட்டால் இருண்டுபோகும். அடுத்த நொடியே வெளிறும். ஐஸில் கிடந்து ஏலத்துக்கு வரும்போது பால்வெள்ளையும் செம்பழுப்புத் திட்டுகளுமாக இருக்கும். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்தத் திட்டுகள் தாமாகவே விரிந்து சுருங்குவதுண்டு. சாளையையோ அயிலையையோ வரைகிறவருக்கு இவ்வளவு தொல்லை இல்லை. கணவாயை வரைய உட்காருகிறவர், எந்த நொடியின் நிறத்தைத் தாளில் ஏற்றுவது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த வேலைக்குக் கைகொடுக்கும் எளிய கருவி ஒன்று உண்டு: வாட்டர்கலர் பென்சில். பள்ளிப் பிள்ளைகளின் பெட்டியில் கிடக்கும் கலர் பென்சில் போலவே இருக்கும். ஈரத் தூரிகை பட்டால் கோடு கரைந்து நீர்வண்ணமாகிவிடும். அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கும் ஓவியர்கள் உண்டு. கணவாய் விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பென்சில் வேலை செய்யும் முறைக்கும் கணவாயின் தோல் வேலை செய்யும் முறைக்கும் நெருங்கிய ஒற்றுமை இருக்கிறது.

குமரிக் கடலில் மூன்று வகைக் கணவாய்கள் பேச்சில் அடிபடும். உடலுக்குள் ஓடு உள்ளது ஓட்டுக்கணவாய். நீண்டு மெலிந்தது ஊசிக்கணவாய். எட்டுக் கையோடு பாறையிடுக்கில் பதுங்குவது பேய்க்கணவாய். இங்கே பேசப்படுவது ஓட்டுக்கணவாய். அதிலும் பெரியதான செப்பியா ஃபரவோனிஸ். ஜெர்மானிய இயற்கையியலாளர் ஏரன்பெர்க் 1831-இல் இதற்கு இந்தப் பெயரிட்டார். கைகளைச் சேர்க்காமல் உடல் மட்டுமே 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். எடை ஐந்து கிலோவைத் தொடும். ஆணின் முதுகிலும் கைகளிலும் குறுக்குவரிகள் ஓடும். துடுப்பின் அடியோரமாக விட்டுவிட்டு ஒரு மினுங்கும் கோடு செல்லும். வரைகிறவர் மறக்கக் கூடாத அடையாளம் இந்தக் கோடுதான்.

இதன் பழக்கவழக்கங்களை விஞ்ஞானிகளுக்கு முன்பே அறிந்தவர்கள் கரைக்காரர்கள். முட்டையிட ஏதாவது ஒரு பற்றுக்கோலைத் தேடி கணவாய் வரும் என்பதைக் கவனித்து, தென்னம்பாளைக் கதிர்களைக் கட்டி மணல்மூட்டையோடு கடலடியில் இறக்கி, அங்கே கூடும் கணவாயைத் தூண்டிலால் பிடித்தார்கள். இந்த உத்தியைக் குமரி மாவட்ட மீனவர்கள் கர்நாடகக் கடல்வரை கொண்டுபோனதை மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டையிட வந்ததையே பிடித்தால் அடுத்த தலைமுறை என்னாவது என்ற கவலையும், இழுவலைக்காரர்களோடு தகராறும் கூடவே வந்தன. ஓவியத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கணவாயை வெறும் நீலத் தண்ணீரில் மிதக்கவிடத் தேவையில்லை. பாளைக் கதிரையும் அதில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளையும் பக்கத்தில் வரைந்தால் படம் அந்த உயிரின் வாழ்க்கையையும் சொல்லும்.

இனி தோலுக்கு வருவோம். கணவாயின் தோலில் மேலடுக்காக இருப்பவை குரோமடோஃபோர் எனப்படும் நிறப்பைகள். ஒவ்வொன்றும் மீள்தன்மை உடைய ஒரு நுண்பை. உள்ளே மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு நிறமிகளில் ஏதோ ஒன்று. பையைச் சுற்றிலும் 15 முதல் 25 வரை தசைநார்கள் ஆரக்கால்களாக நிற்கின்றன. மூளையிலிருந்து நேரே வரும் நரம்பு கட்டளையிட்டதும் அவை பையை இழுத்து விரிக்கின்றன. புள்ளி பெரிதாகிறது, நிறம் தெரிகிறது. தசை தளர்ந்தால் பை சுருங்கி, நிறம் ஒரு ஊசிமுனைப் புள்ளிக்குள் ஒடுங்கிவிடுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். பச்சோந்தி இதே வேலையை நிதானமாகச் செய்கிறது. அதன் நிறமாற்றத்துக்கு நிமிடங்கள்கூட ஆகலாம்.

நிறப்பைகளுக்கு அடியில் இரிடோஃபோர் என்ற மினுங்கு செல்கள். இவற்றில் நிறமி இல்லை. ரிஃப்ளெக்டின் என்ற புரதம் மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அழிந்தும் பச்சை, நீலம், வெள்ளி மினுக்கத்தை உண்டாக்குகின்றன. மழைநாளில் சாலையில் படியும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதும் இதே கணக்கில்தான். எல்லாவற்றுக்கும் அடியில் லூகோஃபோர் என்ற வெண்செல்கள். வந்து விழும் ஒளி முழுவதையும் எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அவை வெள்ளையாகத் தெரிகின்றன.

நல்ல வரைதாள் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் அதேதான். தாளில் வெள்ளை நிறமி பூசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. செல்லுலோஸ் இழைகளும் அவற்றுக்கிடையே உள்ள காற்றும் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆக, நீர்வண்ண ஓவியர் ஒரு இடத்தை வண்ணம் பூசாமல் விடும்போது கணவாய் செய்வதையே செய்கிறார்: மேலே உள்ள நிறத்தை விலக்கி, அடியில் இருக்கும் வெண்மையைக் காட்டுகிறார். வெள்ளைப் பென்சிலை மேலே தேய்த்து வெளிச்சத்தைக் கொண்டுவர முயல்கிறவர்களின் படத்தில் கணவாய் சுண்ணாம்பு பூசியதாகத் தெரிவதற்கு இதைத் தவிர வேறு காரணம் வேண்டாம்.

இன்னொரு ஒற்றுமை 2018-இல்தான் தெரிய வந்தது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜீல் லோரான் குழுவினர், ஐரோப்பியக் கணவாயின் தோலில் பல்லாயிரக்கணக்கான நிறப்பைகளைக் கேமராக்களால் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். உடல் வளர வளரப் பழைய பைகளுக்கிடையே புதியவை முளைக்கின்றன. புதிதாக வரும்போது அவை வெளிர்மஞ்சள். நாளாக ஆக நிறம் முற்றி, கடைசியில் கரும்பழுப்பில் நிலைக்கின்றன. வெளிரில் தொடங்கி இருட்டுக்குப் போவது நீர்வண்ணத்தின் அரிச்சுவடி. கணவாயின் தோலும் அதே வரிசையில்தான் வளர்கிறது.

வாட்டர்கலர் பென்சிலின் வம்சாவளி ஓவியச்சாலையில் தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலுவலகங்களுக்கென்று காப்பியிங் பென்சில் வந்தது. கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்த அந்தப் பென்சிலின் எழுத்து நனைந்தால் ஊதாவாக மாறும், அழிக்க முடியாது. நுனியை நாக்கில் தொட்டு எழுதி வாயெல்லாம் ஊதாவாகத் திரிந்த குமாஸ்தாக்களைப் பழைய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். ஓவியத்துக்கான கரையும் கலர் பென்சிலை 1931-இல் ஜெனீவாவின் காரன் தாஷ் நிறுவனம் பிரிஸ்மாலோ என்ற பெயரில் கொண்டுவந்தது. மும்பையில் காம்லின் நிறுவனம் தொடங்கியதும் அதே 1931-இல்தான் என்பது தற்செயல். ஆனால் இந்தியப் பிள்ளைகளின் கையில் ஒட்டகப் படம் போட்ட வண்ணப்பெட்டி வந்துசேர்ந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சாதாரணக் கலர் பென்சிலில் நிறமியைப் பிடித்து வைத்திருப்பது மெழுகு. தண்ணீர் அதை அசைக்காது. கரையும் பென்சிலில் மெழுகைக் குறைத்து, நீரில் கரையும் பசையைச் சேர்க்கிறார்கள். உடன் களிமண் போன்ற நிரப்பி. உலர்ந்த கோடு தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். அதனால்தான் கோடு பொரிபொரியாகத் தெரிகிறது. தூரிகையால் நனைத்ததும் பசை இளகி, நிறமித் துகள்கள் பள்ளங்களுக்குள் இறங்கி நிறம் ஆழமாகிறது. ஈரமாக இருக்கையில் இன்னும் கருமையாகத் தெரியும். காய்ந்தால் ஒரு பங்கு வெளிறும். கடற்கரையில் அலை தொட்ட மணல் கறுத்துத் தெரிவதன் இயற்பியலும் இதுவே: துகள்களுக்கிடையே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் ஒளிச்சிதறல் குறைகிறது. புதிதாக வரைகிறவர்கள் ஈரத்தில் பார்த்த நிறத்தை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

ஆனால் இந்தப் பென்சிலின் உண்மையான பலம் வேறு. வரைவதையும் வண்ணம் தீட்டுவதையும் அது இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துவிடுகிறது. கரையில் உலர்ந்த கோட்டால் குறித்துக்கொள்ளலாம். தண்ணீரை வீட்டில் போய்த் தொட்டுக்கொள்ளலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரிய வேண்டுமானால் இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

பெர்லின் மருத்துவர் மார்கஸ் எலியேசர் பிளாக், 1782 முதல் 1795 வரை மீன்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் ஒரு பெருநூல் வெளியிட்டார். கையால் வண்ணம் தீட்டிய 432 படங்கள். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. தமிழகக் கடலின் மீன்களை அவருக்கு அனுப்பியவர் தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி. கத்தாழை மீன் இனத்துக்கு ஜானியஸ் என்று பிளாக் பெயர் சூட்டியது அவரைச் சிறப்பிக்கத்தான். அதில் ஒரு வகை ஜானியஸ் கருட்டா, நம்மவர்களின் ‘கருத்த’ கத்தாழை. ஆனால் சாராயத்தில் ஊறிப் பல மாதம் கப்பலில் போன மீனின் நிறத்தை எப்படி நம்புவது? செதிலின் மினுக்கத்தைக் கொண்டுவர பிளாக்கின் படங்களில் பொன்னும் வெள்ளியும் உலோகப் பூச்சாகச் சேர்க்கப்பட்டன. அழகுதான். ஆனாலும் அது பொன்னின் மினுக்கம். மீனின் மினுக்கம் அல்ல.

இயற்கையியலாளர் பேட்ரிக் ரஸல் வேறு வழியில் போனார். விசாகப்பட்டினத்தில் கரைக்கு வந்த மீன்களை அங்கேயே இந்திய ஓவியர் ஒருவரை வைத்து வரையச் செய்து, இருநூறு மீன்களின் விவரத்தை 1803-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்த ஓவியரின் பெயரை நூலின் தலைப்புப் பக்கத்தில் போடும் வழக்கம் அன்று இல்லை. சென்னை ராணுவத்தின் மருத்துவராக வந்து பிறகு இந்தியாவின் மீன்வளத்துறைத் தலைமை ஆய்வாளரான ஃபிரான்சிஸ் டே, 1865-இல் மலபார் மீன்களைப் பற்றியும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றியும் எழுதிய நூல்களுக்குத் தாமே படம் வரைந்தார். எல்லோருக்கும் இருந்தது ஒரே அவசரம்: நிறம் போவதற்குள் பிடிக்க வேண்டும்.

சார்லஸ் டார்வின் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். பீகிள் கப்பலில் அவர் கொண்டுபோனவற்றில், பேட்ரிக் சைம் தொகுத்த நிறப்பெயர்க் கையேடும் ஒன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சதுர மாதிரி, அதற்கு உவமையாக விலங்கு, தாவரம், கனிமம். 1832-இல் கேப் வெர்டே தீவின் பாறைக் குட்டையில் பேய்க்கணவாய் ஒன்றின் உடலில் ஓடிய நிறமேகங்களை அந்தக் கையேட்டின் பெயர்களால்தான் எழுதிவைத்தார். இன்றைக்குக் கரைக்குப் போகிறவர் அதே வேலையை 12 பென்சில்களால் செய்யலாம். தாளின் ஓரத்தில் சின்னச் சதுரங்களாக உலர்நிறம் தேய்த்து, எது உயிரோடு இருந்தபோது, எது ஐஸிலிருந்து எடுத்தபோது என்று குறித்துக்கொண்டால் போதும். செல்போன் படம் உருவத்துக்கு உதவும். நிறத்துக்கு அவ்வளவாக நம்ப முடியாது. தன் போக்கில் வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும் கேமரா அது.

வீட்டுக்கு வந்தபின் வேலை தோலின் வரிசையிலேயே நடக்கும். தாள் கனமாக இருக்க வேண்டும், 300 ஜி.எஸ்.எம். என்றால் நலம். மெல்லிய தாள் நனைந்ததும் இழைகள் ஊதி நெளிந்துவிடும். துடுப்போர மினுங்கு கோடும் கண்ணைச் சுற்றிய வெளிச்சமும் விழும் இடங்களில் முதலிலேயே மெழுகுவத்தித் துண்டால் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம்; மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாது. பிறகு காவிமஞ்சளை உடல் முழுதும் மெலிதாகத் தேய்த்து, நனைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அதன்மேல் செம்மஞ்சளும் பழுப்பும். இவற்றைத் தேய்க்கக் கூடாது. புள்ளிகளாகக் குத்த வேண்டும். முதுகில் நெருக்கமாகவும் வயிற்றுப்பக்கம் அருகியும். குத்திய புள்ளிகளில் சிலவற்றை மட்டும் ஈரத்தூரிகையின் நுனியால் தொட்டால் அவை விரியும். மற்றவை சுருங்கிய புள்ளிகளாகவே நிற்கும். விரிந்த நிறப்பையும் சுருங்கிய நிறப்பையும் ஒரே தோலில் அருகருகே இருப்பது இப்படித்தான் தாளுக்கு வருகிறது. வேறு எந்த வண்ணத்தாலும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

வரிகளுக்குப் பென்சில் நுனியையே தண்ணீரில் தோய்த்து இழுக்கலாம். கோடு மை போல அடர்ந்து விழும். மணல் தரைக்கு, சொட்டச்சொட்ட நனைந்த பூச்சின்மேல் கல்லுப்பு தூவினால், ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்து நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கரையும் பென்சில்களில் காய்ந்த பூச்சு மறுபடி நனைந்தால் மறுபடி கரையும். மேலடுக்கைப் போடும்போது தூரிகையை அழுத்தித் தேய்த்தால் கீழே உள்ள மஞ்சளும் எழுந்துவந்து எல்லாம் சேற்றுநிறமாகிவிடும்.

பூச்சின் விளிம்பில் கருத்த கோடு விழுவதும் பலரைத் தொல்லைப்படுத்தும். சிந்திய காப்பி காய்ந்த இடத்தில் வளையம் விழுவதன் காரணத்தை 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகன் குழுவினர் விளக்கினார்கள். துளியின் ஓரம் தாளில் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. ஓரத்தில் ஆவியாகும் நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடி வருகிறது. வரும்போது துகள்களையும் சுமந்து வந்து கரையில் கொட்டுகிறது. கணவாயின் துடுப்பு விளிம்புக்கு இந்தக் கோடு அழகு சேர்க்கும், முதுகின் நடுவில் விழுந்தால் கெடுக்கும். இரண்டு மழைக்காலமும் காணும் குளச்சல் காற்றில் ஈரம் மிகுதி. பூச்சு மெதுவாகவே காயும். அவசரப்பட்டு மின்விசிறிக்கு அடியில் வைக்காமல், மிஞ்சிய நீரை உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுப்பவருக்கு இந்தத் தொல்லை பாதி குறையும்.

மினுக்கம்தான் கடைசிவரை கைக்கு அடங்காதது. நிறமியே இல்லாத நிறத்தை நிறமியால் எப்படிக் காட்டுவது? பிளாக்கைப் போல வெள்ளியை நாடாமல், அக்கம்பக்கத்தை வைத்து ஏமாற்றுவதே நல்ல வழி. வெள்ளைத் தாளில் இளம்பச்சையை லேசாகக் கரைத்துவிட்டு, அதை ஒட்டியே கடும்பழுப்பை நிறுத்தினால், வெளிச்சம் அங்கே துள்ளும்.

இவ்வளவு நிறஜாலம் காட்டும் கணவாய்க்கு நிறமே தெரியாது என்பது வேடிக்கை. அதன் விழித்திரையில் ஒரே ஒரு வகை ஒளிநிறமிதான் உண்டு. அப்படியிருந்தும் அது தரையோடு ஒத்துப்போவது எப்படி என்ற கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. கண்மணியின் விசித்திர வடிவத்தால் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு தூரத்தில் குவிவதை அது பயன்படுத்தலாம் என்று 2016-இல் ஆய்வாளர்களான ஸ்டப்ஸ் தந்தையும் மகனும் ஒரு கருதுகோள் வைத்தார்கள். பெரும்பாலும் அது கவனிப்பது வெளிச்ச அளவையும், தரையின் பொடிமணல், கூழாங்கல் வேறுபாட்டையும்தான். கடலுக்குள் சில மீட்டர் இறங்கினாலே சிவப்பொளி மங்கத் தொடங்கிவிடுகிறது; ஆழத்தில் அந்தச் செம்பழுப்பு வெறும் சாம்பல். கரைவெயிலில் நாம் பார்த்து வியக்கும் சிவப்பு, அது வாழும் இடத்தில் கிட்டத்தட்ட இல்லாத நிறம். ஆகையால் நிறத்தைக் கோட்டைவிட்டாலும் ஒளிநிழலைச் சரியாகப் பிடித்த படம் கணவாயாகவே தெரியும். ஒரே ஒரு செப்பியாப் பழுப்புப் பென்சிலால் வரைந்தாலும் குறையொன்றுமில்லை.

அந்தப் பழுப்பும் கணவாய் கொடுத்ததுதான். அதன் மைப்பையில் இருப்பது மெலனின். நம் தலைமுடிக்குக் கருமை தருவதும் அதே வகைப் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஓவியர்களிடம் கணவாய் மையால் தீட்டுவது பரவியது. இன்று செப்பியா என்ற பெயரில் விற்கும் பென்சில்களில் பொதுவாகக் கணவாய் மை இருக்காது. வேறு நிறமிகளின் கலவை. மெலனின் எளிதில் அழிவதில்லை. இங்கிலாந்தின் லைம் ரெஜிஸ் கடற்கரையில் புதைபடிவங்களைச் சேகரித்த எலிசபெத் ஃபில்பாட், கணவாயின் தொல்லுறவினம் ஒன்றின் கல்லாய்ப்போன மைப்பையை நீரில் குழைத்து, 1833-இல் இக்தியோசாரஸ் என்ற கடல் ஊர்வனத்தின் மண்டையோட்டை வரைந்தார். 19 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய மை, அதே காலத்துப் பிராணியின் படம். ஓவியச்சாமானாகக் கணவாயின் ஓடும் பயன்பட்டது. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் அதைப் பொடித்து, எழுதும் தோல்களின்மேல் தேய்த்து மை பரவாமல் பதம் செய்தார்கள்.

கண்ணைக் கடைசியில் வரைவது நல்லது. நல்ல வெளிச்சத்தில் கண்மணி ஆங்கில எழுத்து டபிள்யூ வடிவில் வளைந்திருக்கும். மங்கலில் விரிந்து வட்டமாகிவிடும். வெயிலில் வரைந்த உடலுக்கு வட்டக் கண் வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். எட்டுக் கைகளையும், உள்ளே சுருட்டி வைத்திருக்கும் இரண்டு நீண்ட உணர்கைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, படத்தின் கீழே அளவுகோல் ஒன்று போட வேண்டும்: பத்து சென்டிமீட்டர் எவ்வளவு என்று காட்டும் ஒரு கோடு. பக்கத்தில் இடம், நாள், உடல் நீளம், தூண்டிலா வலையா, உயிரோடு பார்த்ததா ஐஸில் பார்த்ததா என்ற குறிப்பு. இந்தக் குறிப்பை மட்டும் சாதாரணக் கருப்புப் பென்சிலால் எழுத வேண்டும்; கரையும் பென்சிலில் எழுதினால் ஈரக்கை பட்டதும் குளச்சலும் தேதியும் பழுப்புக் கறையாகிப் போகும்.